ஏழையின் கண்ணுக்குத் தனி விலையா?

காளவாசல் என்ற பெயரைச் சொல்லும்போதே சூளையின் அனல் முகத்தில் அடிக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் வேகும் சூளைக்குத்தான் நம் மக்கள் காளவாசல் என்று பெயர் வைத்தார்கள். இன்று அந்தச் சந்திப்பில் சூளை இல்லை; பைபாஸ் ரோடும் தேனி ரோடும் கூடும் இடத்தில் மேம்பாலம் நிற்கிறது. ஆனால் வெந்த கல்லைச் சுமந்தவனும், அந்தக் கல்லை அடுக்கி இந்த மதுரையை எழுப்பியவனும் இன்னும் இருக்கிறான். விடியற்காலையில் தூக்குச்சட்டியுடன் பஸ்ஸுக்கு நிற்கிறான். அவனைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். அவனுடைய கண்ணைப் பற்றி எழுதுகிறோம்.

அறுபது வயதுக் கொத்தனார் ஒருவரை நினைத்துப் பாருங்கள். நாற்பது ஆண்டு கரண்டி பிடித்த கை தளரவில்லை. கண்தான் மங்குகிறது. ரசமட்டத்தின் குமிழி புகைபோலத் தெரிகிறது. தூக்குக்குண்டின் நூல் இரண்டாகத் தெரிகிறது. ஒருநாள் சாரத்தில் ஏறும்போது கால் தவறுகிறது. "அண்ணே, கொஞ்ச நாள் வீட்டிலே இருங்க" என்று மேஸ்திரி மரியாதையாகத்தான் சொல்லுகிறார். மரியாதையாகச் சொன்னாலும் கூலி நின்றது நின்றதுதான். அந்த வீட்டில் போவது ஒரு கூலி மட்டுமா? தாத்தாவைக் கைபிடித்து அழைத்துப் போகப் பேத்தி பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறாள். ஒரு கண் மங்கினால் இரண்டு வாழ்வு இருளுகிறது.

இந்த இருளுக்குப் பெயர் கண்புரை. 2015 முதல் 2019 வரை நம் நாட்டில் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கு என்ன சொல்லுகிறது? 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் பார்வை இழந்தோரை எண்ணினால், நூற்றுக்கு 66 பேருக்குக் காரணம் சிகிச்சை பெறாத கண்புரை என்று சொல்லுகிறது. 'சிகிச்சை பெறாத' என்ற சொல்லைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். இது மருந்தில்லாத நோய் அல்ல. மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் ஒன்றைக் கண்ணுக்குள் வைத்தால் பார்வை திரும்புகிறது. சில நிமிட வேலை. அப்படியிருக்க, இத்தனை பேர் இருட்டில் கிடப்பானேன்? இந்தக் கேள்விக்குப் பதிலை வைத்திய நூலில் மட்டும் தேடினால் கிடைக்காது. விலைப்பட்டியலையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரே மேஜை, இரண்டு நீதி

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஆங்கிலேய விமானிகள் சிலரின் கண்ணில், உடைந்த விமானக் கூண்டின் அக்ரிலிக் சில்லுகள் பாய்ந்தன. சில்லு உள்ளேயே கிடந்தும் கண் அதைப் பொறுத்துக்கொண்டதை லண்டன் டாக்டர் ஹரால்டு ரிட்லி கவனித்தார். அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து, 1949 நவம்பரில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். கண்புரை வைத்தியத்தில் ஒரு புதிய யுகம் அன்று தொடங்கிற்று.

ஆனால், அந்த லென்ஸ் லண்டனிலிருந்து நம் ஊர் ஏழையின் கண்ணுக்கு வந்துசேர நாற்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. கப்பல் இல்லாமலா? விமானம் இல்லாமலா? இல்லை, விலை வழிமறித்தது. 1980களில் வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலர் கணக்கில் இருந்தது. எனவே ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே டாக்டரின் கையில், இரண்டு நீதி நடந்தது. காசுள்ளவருக்குக் கண்ணுக்குள் லென்ஸ். காசில்லாதவருக்குப் புரையை எடுத்துவிட்டு மூக்கின்மேல் சோடாபுட்டிக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடி போட்ட பெரியவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பொருளெல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் வருவது தெரியாது. படி எங்கே, பள்ளம் எங்கே என்று கால் தடுமாறும். கண்ணாடி கீழே விழுந்து உடைந்தால், அல்லது பஸ் நெரிசலில் தொலைந்தால், மறுபடியும் இருட்டு. அந்தக் கண்ணாடியோடு சாரத்தில் ஏற முடியுமா? ஊசியில் நூல் கோக்க முடியுமா? ஆபரேஷன் ஆயிற்று என்று கணக்கில் எழுதினார்கள். மனிதன் வேலைக்குத் திரும்பினானா என்று எழுதவில்லை. ஏழை நாட்டுக்கு லென்ஸ் கட்டுப்படியாகாது, கண்ணாடியே போதும் என்று வாதித்த நிபுணர்களும் அப்போது இருந்தார்கள். ஏழைக்கு இரண்டாந்தரமே போதும் என்ற எண்ணம் வைத்தியத்தின் வேஷத்திலும் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வைகைக் கரையில் கிடைத்த விடை

இந்த வாதத்துக்கு விடை சொன்ன ஊர் நம் மதுரை. இதைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை, பாடத்துக்காகச் சொல்லுகிறோம்.

டாக்டர் கோ. வெங்கடசாமி வடமலாபுரம் என்ற சிற்றூரில் 1918-ல் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார். மதுரை மருத்துவக் கல்லூரியில் சர்க்கார் டாக்டராக இருந்த காலத்திலேயே கிராமங்களுக்குப் போய்க் கண் முகாம் நடத்தினார். 58 வயதில் ஓய்வுபெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். காசு கொடுக்க முடிந்தவர் கொடுப்பது, முடியாதவரின் செலவையும் தாங்க வேண்டும் என்று கணக்கை அமைத்தார். டாக்டர் ஒரு நோயாளியை முடித்துத் திரும்பும்போது, அடுத்த மேஜையில் அடுத்தவர் தயாராக இருப்பார். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த முறையின் பலம் விளக்காமலே புரியும்.

இத்தனை செய்தும் லென்ஸ் விலை குறுக்கே நின்றது. அப்போதுதான், 1992-ல், ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை மதுரையில் எழுந்தது. அமெரிக்காவிலிருந்து தொழில்நுட்பம் வாங்கப்பட்டது. சேவா போன்ற வெளிநாட்டு அமைப்புகள் கைகொடுத்தன. லென்ஸைக் கடைந்து, மெருகிட்டு, பூதக்கண்ணாடியின் கீழ் குறை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் அமர்ந்தார்கள். நூறு டாலர் கணக்கில் விற்ற பொருள் சுமார் 10 டாலருக்கு வந்தது. பிற்பாடு சாதாரண ரகம் அதற்கும் கீழே இறங்கிற்று. தரம் இறங்கவில்லை. ஐரோப்பியச் சந்தைக்குரிய சி.இ. முத்திரை பெற்ற அந்த லென்ஸ், இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. நம் நாட்டு வேறு கம்பெனிகளும் லென்ஸ் செய்ய முன்வந்தன. 1990களிலேயே நேபாளத்திலும் எரித்ரியாவிலும் இப்படியே லென்ஸ் தொழிற்சாலைகள் எழுந்தன. 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டத்திலும் சோடாபுட்டிக் கண்ணாடி பின்வாங்கி, லென்ஸ் முன்னுக்கு வந்தது.

ஆரோலேப் ஓர் அறக்கட்டளையின் கீழ் நடப்பது. பங்குதாரருக்கு லாபம் பிரித்துக் கொடுக்கும் கம்பெனி அல்ல. இது உண்மைதான். "அதனால்தான் அவர்களால் முடிந்தது, எங்களால் முடியாது" என்று மற்றக் கம்பெனிகள் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் ஓர் உண்மை வெட்டவெளிச்சமாகிவிட்டது. லென்ஸைச் செய்ய ஆகும் செலவு வேறு. லென்ஸுக்குக் கேட்ட விலை வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தில்தான் லட்சக்கணக்கான கண்கள் இருண்டு கிடந்தன.

லாபம் ஒளிந்திருந்த இடம்

கண்ணில் கண்ட பாடம் இதயத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

மாரடைப்பு வந்தவரின் ரத்தக்குழாய்க்குள் வைக்கும் சிறு கம்பிவலைக் குழாய்க்கு ஸ்டென்ட் என்று பெயர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடப்பவர் ஸ்டென்ட் கடையில் விலை பேச முடியாது. வெளியே நிற்கும் மனைவியும் பேச முடியாது. தாலியைக் கழற்றிக் கொடுக்கத்தான் முடியும். 2017 பிப்ரவரி வரை, மருந்து தடவிய ஸ்டென்ட் சராசரியாக ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு விற்றது. மத்திய சர்க்காரின் மருந்து விலை ஆணையம் கணக்கைத் தோண்டிப் பார்த்தது. கம்பெனி, மொத்த வியாபாரி, ஆஸ்பத்திரி என்று கைமாறக் கைமாற விலை ஏறிய கதை வெளிவந்தது. சில இடங்களில் ஆஸ்பத்திரி வைத்த லாபம் மட்டும் 650 சதவீதத்தைத் தாண்டியது. ஆணையம் விலைக்கு உச்சவரம்பு கட்டியது: மருந்து தடவியதற்கு 29,600 ரூபாய், வெறும் உலோகத்துக்கு 7,260 ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் வரம்பு வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண ரகம் 54,720 ரூபாய்க்கு இறங்கிற்று.

வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் சில, தங்கள் உயர்ரக ஸ்டென்டைச் சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டன. சில ஆஸ்பத்திரிகள் ஸ்டென்டில் விட்டதை வேறு கட்டணத்தில் பிடிக்கின்றன என்ற புகாரும் எழுந்தது. ஒரு பொருளுக்கு மட்டும் வேலி போட்டால் ஆடு வேறு பக்கம் புகும் என்பதைத்தான் இது காட்டுகிறது. வேலியே வேண்டாம் என்பதற்கு இது வாதமாகாது.

"ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். ஆராய்ச்சி செய்பவருக்கு உரிய ஊதியத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால், எல்லா ஆராய்ச்சியும் கம்பெனியின் பெட்டியிலிருந்தா பிறக்கிறது? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில், டாக்டர் வலியத்தான் தலைமையில், பொதுமக்கள் பணத்தில், செயற்கை இதய வால்வு ஒன்றை உருவாக்கினார்கள். முதல் மூன்று மாதிரிகள் தோற்றன, நான்காவது நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். சென்னை டி.டி.கே. நிறுவனம் அதை உற்பத்தி செய்து, இறக்குமதி வால்வைவிட மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. குழந்தைப் பருவத்தில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போகும் நோய், நெருக்கடியான வீட்டில் வாழும் ஏழைகளின் நோய். அவர்களுக்கு அந்த வால்வு போயிற்று. பொதுப்பணம் ஆராய்ச்சி செய்தது; கம்பெனி உற்பத்தி செய்தது; ஏழைக்குக் கிடைத்தது. கம்பெனிகளால் சமநீதிக்கு உதவ முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு இதோ சாட்சி.

கம்பெனிகளிடம் கேட்கிறோம்

வைத்தியக் கருவி செய்யும் கம்பெனிகளிடம் நாம் தருமம் கேட்கவில்லை. ஆண்டுக்கொரு முகாமும், பேனரும், புகைப்படமும் நமக்கு வேண்டாம். நாலு காரியங்கள் கேட்கிறோம்.

முதலாவது, விலையின் கணக்கைத் திறந்து காட்டுங்கள். செய்யும் செலவு எவ்வளவு, தரகருக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு என்று தெரியட்டும். விலை குறையும்போது அது நடுவில் நிற்பவரின் லாபத்தில் குறையட்டும். பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணின் கூலியில் குறைய வேண்டாம்.

இரண்டாவது, எங்கள் ஊருக்கு ஏற்ற கருவியைச் செய்யுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் இடம், தூசி பறக்கும் இடம், ஏ.சி. இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம், இவற்றில் ஓட வேண்டும். ஒரு சிறு பாகம் கெட்டுப்போனால் அதற்காக வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் யந்திரம், இருந்தும் இல்லாததுதான். உதிரிப்பாகத்தையும், பழுதுபார்க்கும் வித்தையையும் யந்திரத்தோடு சேர்த்துக் கொடுங்கள். ஐ.டி.ஐ. படித்த நம் பையன்கள் அதைக் கற்றுக்கொள்வார்கள்.

மூன்றாவது, எங்கள் உடம்பிலும் சோதித்துப் பாருங்கள். கொரோனா நாட்களில் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியை வீடு வீடாக நம்பினோம். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020 டிசம்பரில் வெளியான ஆய்வு என்ன சொல்லிற்று? உண்மையில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் கருவி சரியாக இருப்பதாகக் காட்டிய பிழை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. கருவிக்கு நிறபேதம் தெரியாது. அதைச் சோதித்தவர் யாரைச் சோதித்தார் என்பதில்தான் பேதம் நுழைகிறது. கறுத்த தோலுள்ள நாம் இதைச் சும்மா விடலாமா?

நாலாவது, எங்களிடமிருந்து எடுத்ததற்குக் கணக்குக் கொடுங்கள். சர்க்கரை நோயால் கண்ணின் விழித்திரை கெடுவதைப் படம் பார்த்தே கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவை கூகுள் கம்பெனி செய்தது. 2016-ல் அந்த ஆய்வு வெளியாயிற்று. அதற்கு உதவிய கண் படங்களில் மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரி உள்ளிட்ட இந்திய ஆஸ்பத்திரிகளின் படங்களும் உண்டு. 2019-ல் மதுரையிலேயே அது நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியதாக அறிவித்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். டாக்டர் இல்லாத ஊரில் அது ஒரு டாக்டரின் கண்ணாக இருக்கும். ஆனால் எந்த ஏழைகளின் கண்ணைப் பார்த்து யந்திரம் படித்ததோ, அந்த ஏழைகளுக்கே நாளை அதை எட்டாத விலைக்கு விற்கக்கூடாது. பாடம் சொல்லிக் கொடுத்தவனிடமே பள்ளிச் சம்பளம் கேட்பது என்ன நியாயம்?

சர்க்காரிடம் கேட்கிறோம்

கம்பெனியின் நல்ல மனத்தை மட்டும் நம்பி மக்களின் ஆரோக்கியத்தை ஒப்படைக்க முடியாது. நல்ல மனம் முதலாளி மாறும்போது மாறும், சட்டம் நிற்கும்.

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சேர்த்து மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்கியபோது, விலை இறங்கிற்று. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டன. அதே பலத்தை வைத்தியக் கருவிகளிலும் முழுமையாகக் காட்ட வேண்டும். நம் நாடு பயன்படுத்தும் வைத்தியக் கருவிகளில் மிகப் பெரும்பங்கு இன்னும் இறக்குமதிதான். காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று நாம் திருப்தியடைந்துவிடக் கூடாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. ஆனால் அட்டை கொடுக்கும் பணமும் நம் வரிப்பணம்தான். கருவியின் விலை கொள்ளை விலையாக இருந்தால், நோயாளியின் சட்டைப் பையில் போகாதது கஜானாவின் பையில் போகும். எனவே விலைக் கட்டுப்பாடு நாலைந்து பொருளோடு நிற்கக் கூடாது. சாதாரண மக்களின் உயிருக்கும் உழைப்புக்கும் வேண்டிய ஒவ்வொரு கருவிக்கும் வர வேண்டும். ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற பொதுத்துறை ஆராய்ச்சிக்குப் பணம் கூட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, மற்றவர்களிடம் கேட்டுவிட்டு நாம் சும்மா இருப்பது முறையல்ல. லென்ஸ் மலிந்துவிட்ட பிறகும் நம் தெருவில் ஒரு பெரியவர் கண்புரையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அது யாருடைய குறை? இலவச முகாம் என்றாலும் பஸ் காசு வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவரின் ஒருநாள் கூலி போகும். "வயசாயிடுச்சு, இனிமேல் பார்த்து என்ன ஆகப்போகுது" என்று பெரியவரே சொல்லுவார். இந்தத் தடையை எந்தக் கம்பெனியும் நீக்காது. சங்கம்தான் நீக்க வேண்டும்.

காளவாசல், பொன்மேனி, கோச்சடை, அரசரடி வட்டாரத்துக் கிளைகள் ஒவ்வொன்றும் தன் தெருவில் 50 வயதைத் தாண்டியவர்களைக் கணக்கெடுக்கட்டும். கண் மங்கியவர்களை ஒரு நாள் சேர்த்து ஆட்டோவில் ஏற்றி, சர்க்கார் ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ, முகாமுக்கோ கூட்டிப் போகட்டும். பெண்களை முதலில் கூட்டிப் போங்கள். வீட்டில் கடைசியாக வைத்தியம் பார்த்துக்கொள்பவர்கள் அவர்கள்தான். ஸ்டென்டோ மூட்டோ வைத்துக்கொண்ட குடும்பத்தின் பில்லை வாங்கிப் படியுங்கள். ஸ்டென்டின் விலையையும், அதைச் செய்த கம்பெனியின் பெயரையும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. காட்டவில்லையா? கேளுங்கள். வரம்புக்கு மேல் வாங்கினார்களா? மனு எழுதுங்கள், படிக்கத் தெரிந்த தோழர் படிக்கத் தெரியாத தோழருக்காக எழுதட்டும்.

சூளையின் வாயில் நின்று கல்லை வேகவைத்தவனின் கண்ணுக்கு ஒரு விலை, அந்தக் கல்லால் கட்டிய மாளிகையில் இருப்பவரின் கண்ணுக்கு ஒரு விலை என்ற கணக்கு இருந்தது. மதுரையில் அந்தக் கணக்கை ஒரு முறை தகர்த்துக் காட்டியிருக்கிறோம். கண்ணில் முடிந்தது இதயத்திலும், மூட்டிலும், சிறுநீரகத்திலும் முடியும். முடியாது என்று சொல்லுகிறவர்கள் கணக்கைக் காட்டட்டும். அதுவரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்!